வன் எக்ஸ் கதிரைப் பிடிக்கும் படிகம்

நெல்லை மாவட்டத்தில் காவல்கிணறு, பணகுடி பக்கத்து ஆட்களுக்கு மகேந்திரகிரியைப் பற்றிப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டின் இரண்டாம் கட்டத்தில் எரிகிற விகாஸ் என்ஜினை அந்த மலையடிவாரத்தில்தான் சோதித்துப் பார்க்கிறார்கள். 2015 செப்டம்பர் 28 அன்று வானியல் செயற்கைக்கோள் ஆஸ்ட்ரோசாட் போனதும், 2023 செப்டம்பர் 2 அன்று சூரியனைக் கவனிக்கும் ஆதித்யா எல்-1 போனதும் பி.எஸ்.எல்.வி.யில்தான். ராக்கெட்டைப் பற்றிப் பேச நம் மாவட்டத்தில் ஆளுக்குக் குறைவே இல்லை, ஆனால் அது சுமந்துகொண்டு போன சாமான் என்ன, மேலே போய் என்ன செய்கிறது என்று கேட்டால் பேச்சு நின்றுவிடுகிறது. எனக்கு அது பெரிய குறையாகப் படுகிறது. அந்த இரண்டு விண்கலங்களிலும் ஒரே வகையான ஒரு படிகம் இருக்கிறது: காட்மியம் சிங்க் டெலுரைடு. சுருக்கமாக சிஇசட்டி என்பார்கள். வன் எக்ஸ் கதிர் வானியல் என்ற ஒரு துறையே இன்று பெரும்பாலும் இந்தப் படிகத்தையும் அதன் நெருங்கிய சொந்தங்களையும் நம்பித்தான் ஓடுகிறது. அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

முதலில் கதிரைப் பற்றி. கண்ணுக்குத் தெரியும் ஒளியில் ஒரு ஃபோட்டானின், அதாவது ஓர் ஒளித்துகளின், ஆற்றல் 2 அல்லது 3 எலக்ட்ரான் வோல்ட்; அணு அளவிலான ஆற்றலை அளக்கும் அலகு அது. ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரியில் நெஞ்சு எக்ஸ்ரே எடுக்கிறார்களே, அந்த ஃபோட்டான்கள் பல பத்து கிலோ எலக்ட்ரான் வோல்ட்; இனி கேஇவி என்றே எழுதுகிறேன். வானியலில் சுமார் 10 கேஇவிக்கு மேல் போனாலே வன் எக்ஸ் கதிர் என்று சொல்லத் தொடங்குவார்கள், அது சில நூறு கேஇவி வரை போகும். இதை வெளிவிடுபவை சாதாரண நட்சத்திரங்கள் இல்லை. பக்கத்து நட்சத்திரத்திலிருந்து வாயுவை இழுத்து விழுங்கும் கருந்துளை, வேகமாகச் சுழலும் நியூட்ரான் நட்சத்திரம், வெடித்துச் சிதறிய நட்சத்திரத்தின் மிச்சம், காமா கதிர் வெடிப்பு, அப்புறம் சூரியனில் திடீரென்று எழும் சுடர்கள். இவற்றில் பல, வாயுவும் தூசியும் மண்டிய இடத்துக்குள் இருக்கின்றன. ஆற்றல் குறைந்த எக்ஸ் கதிரை அந்த வாயு தின்றுவிடும். வன் எக்ஸ் கதிர் ஊடுருவி வெளியே வந்துவிடும். உள்ளே நடப்பதைத் தெரிந்துகொள்ள அதுதான் வழி.

ஆனால் தரைக்கு அது வந்து சேராது. நம் தலைக்கு மேல் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டருக்கும் சுமார் 1 கிலோ காற்று இருக்கிறது, 100 கேஇவி ஃபோட்டான் அதில் ஒன்றுகூடத் தப்பாது. சுமார் 40 கிலோமீட்டர் உயரத்துக்குப் பலூன் விட்டால் மேலே மிச்சமிருக்கும் காற்று சதுர சென்டிமீட்டருக்கு 3 கிராம்தான், அங்கே ஓரளவு பார்க்கலாம். அப்படித்தான் இந்தத் துறை தொடங்கியது. 1964இல் ஜார்ஜ் கிளார்க் என்ற விஞ்ஞானி, கதிரைப் பதிவு செய்யும் டிடெக்டரைப் பலூனில் ஏற்றி, வெடித்த நட்சத்திரம் ஒன்றின் மிச்சமான நண்டு நெபுலாவின் வன் எக்ஸ் கதிரை அளந்தார். நம் நாட்டில் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தார் ஹைதராபாத்திலிருந்து பல காலம் பலூன் விட்டு இந்த வேலையைச் செய்திருக்கிறார்கள். ஆஸ்ட்ரோசாட்டுக்கான அனுபவத்தில் பெரும் பங்கு அங்கே சேர்ந்ததுதான்.

அடுத்த சிக்கல், வருகிற ஃபோட்டான்கள் ரொம்பக் குறைவு. நண்டு நெபுலா இந்த வானத்திலேயே மிகப் பிரகாசமான மூலங்களில் ஒன்று. அதிலிருந்தே 20 முதல் 100 கேஇவி வரையிலான ஃபோட்டான்கள், 1 சதுர சென்டிமீட்டர் பரப்பில், மூன்று நான்கு விநாடிக்கு ஒன்று என்ற கணக்கில்தான் விழுகின்றன. மங்கலான மூலம் என்றால் நாள்கணக்கில் காத்திருக்க வேண்டும். ஆகவே ஒவ்வொரு ஃபோட்டானையும் தனித்தனியாகப் பிடித்து, எப்போது வந்தது, எங்கே விழுந்தது, எவ்வளவு ஆற்றல் என்று மூன்றையும் குறித்துக்கொள்ள வேண்டும். கேமராவில் வெளிச்சத்தைச் சேர்த்துவைத்துப் படம் எடுப்பது மாதிரியான வேலையே கிடையாது. ஒன்று ஒன்றாக எண்ணுகிற வேலை.

பழைய டிடெக்டர் சோடியம் அயோடைடு. அதில் எக்ஸ் கதிர் பட்டால் ஒரு சிறு ஒளி மினுக்கம் வரும், அந்த ஒளியை இன்னொரு கருவி மின்துடிப்பாக மாற்றும். நல்ல பொருள்தான், இன்றைக்கும் பயன்படுகிறது. ஆனால் ஆற்றலை ஒளியாக்கி, ஒளியை எலக்ட்ரானாக்கி என்று இரண்டு கை மாறும்போது பாதி வழியிலேயே நிறைய விவரம் போய்விடும். 60 கேஇவியா 68 கேஇவியா என்று பிரித்துச் சொல்வது அதற்குக் கஷ்டம். குறைக்கடத்தியில் இந்த இடைத்தரகு இல்லை. எக்ஸ் கதிர் விழுந்த இடத்திலேயே எலக்ட்ரான்கள் விடுபடும், அதை நேராக எண்ணிவிடலாம்.

குறைக்கடத்தி என்றால் சிலிக்கான் போதாதா என்று கேட்கலாம். போதாது. சிலிக்கானின் அணு எண் 14. எக்ஸ் கதிரை முழுசாக விழுங்கும் திறன் அணு எண்ணின் நான்காம் ஐந்தாம் அடுக்கு மாதிரி ஏறும். அரை மில்லிமீட்டர் சிலிக்கானில் 60 கேஇவி ஃபோட்டான்கள் 100 விழுந்தால் 4 கூடச் சிக்காது, மற்றவை நேராக ஊடுருவிப் போய்விடும். காட்மியத்தின் அணு எண் 48, டெலூரியத்துக்கு 52. இரண்டு மில்லிமீட்டர் சிஇசட்டியில் அதே 60 கேஇவி ஃபோட்டான் 100க்கு 99 மாட்டிக்கொள்ளும். இந்த ஒரு வித்தியாசத்துக்காகத்தான் இவ்வளவு பாடும்.

ஜெர்மானியம் என்று ஒரு பெரியவர் உண்டு. ஆற்றலைத் துல்லியமாகச் சொல்வதில், குறைக்கடத்திகளுக்குள் அவரை இன்றும் யாரும் மிஞ்சவில்லை. கூடங்குளம் மாதிரி அணுமின் நிலையங்களின் சுற்றுச்சூழல் ஆய்வகங்களில் மீனிலும் மண்ணிலும் கதிரியக்கம் பார்ப்பது ஜெர்மானியத்தை வைத்துத்தான். ஆனால் அதை மைனஸ் 190 டிகிரி அளவுக்குக் குளிர்வித்தால்தான் வேலை செய்யும். தரையில் திரவ நைட்ரஜன் ஊற்றிக்கொள்ளலாம், விண்வெளியில் குளிர்விக்கும் இயந்திரத்தைச் சுமக்க வேண்டும், அதற்கு மின்சாரம் வேண்டும். ஐரோப்பாவின் இன்டெக்ரல் விண்கலம் 2002இல் போனபோது 19 ஜெர்மானியப் படிகங்களை அப்படித்தான் கொண்டுபோனது. விண்கதிர் பட்டுப் பட்டு அந்தப் படிகங்களில் பழுது சேரும், ஆகவே அவ்வப்போது அவற்றை 100 டிகிரிக்குச் சூடாக்கி, பழுது ஆறியதும் திரும்பக் குளிர்வித்தார்கள். அவ்வளவு பராமரிப்பு. சிஇசட்டி அறை வெப்பத்திலேயே ஓடும், கொஞ்சம் குளிர்ச்சி கொடுத்தால் இன்னும் நன்றாக ஓடும்.

இது எப்படி முடிகிறது? ஜெர்மானியத்தில் எலக்ட்ரானைப் பிடித்துவைத்திருக்கும் ஆற்றல் இடைவெளி 0.67 எலக்ட்ரான் வோல்ட்தான். அறையின் வெப்பமே எலக்ட்ரான்களை உதறிவிடும், எக்ஸ் கதிர் வராமலேயே மின்னோட்டம் கசியும். காட்மியம் டெலுரைடில் இடைவெளி 1.44. அதில் காட்மியத்தில் பத்தில் ஒரு பங்கை எடுத்துவிட்டு சிங்க், அதாவது துத்தநாகம் சேர்த்தால் இடைவெளி 1.57 பக்கம் வந்துவிடும், கசிவு சட்டென்று குறையும். துத்தநாகத்துக்கு இங்கே இதுதான் வேலை.

இப்போது ஒரு ஃபோட்டானைப் பின்தொடர்ந்து போவோம். ஆஸ்ட்ரோசாட்டின் சிஇசட்டி கருவியில் 64 படிகத் துண்டுகள், ஒவ்வொன்றும் சுமார் 4 சென்டிமீட்டர் சதுரம், 5 மில்லிமீட்டர் கனம். ஒவ்வொன்றின் அடியிலும் 16க்கு 16 என்று 256 பிக்சல். மொத்தம் 16,384. மேல்பக்கத்துக்கும் பிக்சலுக்கும் இடையில் சில நூறு வோல்ட் கொடுத்திருக்கிறார்கள். 60 கேஇவி ஃபோட்டான் ஒன்று மேலிருந்து நுழைகிறது. ஒரு காட்மியம் அல்லது டெலூரியம் அணு அதை விழுங்கி, ஓர் எலக்ட்ரானை வேகமாகத் துப்புகிறது. அந்த எலக்ட்ரான் சில பத்து மைக்ரோமீட்டர் தூரத்துக்குள் முட்டி மோதி, வழியில் இருப்பவற்றையெல்லாம் உதறிவிடுகிறது. ஓர் எலக்ட்ரானை உதற 4.6 எலக்ட்ரான் வோல்ட் செலவு என்பதால், 60 கேஇவிக்குச் சுமார் 13,000 எலக்ட்ரான்கள். அவை கிளம்பிய இடத்தில் அதே எண்ணிக்கையில் துளைகள், அதாவது எலக்ட்ரான் இல்லாத காலியிடங்கள்; அவையும் நேர் மின்னூட்டம் மாதிரி நகரும். எலக்ட்ரான்கள் அரை மைக்ரோவிநாடிக்குள் கீழே பிக்சலை அடைந்துவிடும். மின்னணுச் சில்லு அந்த 13,000ஐ எண்ணி, நேரத்தை 20 மைக்ரோவிநாடித் துல்லியத்தில் குறித்து, பிக்சல் எண்ணோடு சேர்த்து அனுப்புகிறது. கைபேசித் திரையில் விரல் வைத்தால் நகர்கிற மின்னூட்டத்தை நினைத்தால் 13,000 எலக்ட்ரான் என்பது ஒன்றுமே இல்லை. அதை இரைச்சலுக்கு நடுவே பொறுக்கி எடுப்பது அசாத்தியமான கைவேலை.

சரி, துளைகள் என்ன ஆயின? சிஇசட்டியின் பெரிய பலவீனம் அங்கேதான். துளைகள் எலக்ட்ரானைவிடப் பத்து இருபது மடங்கு மெதுவாக எதிர்ப்பக்கம் போகும், போகிற வழியில் படிகத்தின் குறைபாடுகளில் சிக்கிக்கொள்ளும். தாமிரபரணிக் கால்வாயில் தலைமடையில் திறந்த தண்ணீர் கடைமடைக்கு முழுசாக வந்து சேராத கதைதான்: தூரம் கூடக்கூட இழப்பும் கூடும். ஃபோட்டான் மேலாக விழுந்ததா ஆழத்தில் விழுந்ததா என்பதைப் பொறுத்து துளைகள் போகவேண்டிய தூரம் மாறுவதால், ஒரே 60 கேஇவி ஃபோட்டான்கள் சில 60 என்றும் சில 55 என்றும் சில 50 என்றும் பதிவாகும். அமெரிசியம்-241 என்ற கதிரியக்கப் பொருளை முன்னால் வைத்து 59.5 கேஇவி கோட்டை அளந்தால், கூர்மையாக நிற்க வேண்டிய சிகரம் இடது பக்கம் வால் நீட்டிக்கொண்டு நிற்கும். அந்த வாலைப் பார்த்தே படிகத்தின் தரத்தைச் சொல்லிவிடுவார்கள்.

இதற்குக் கிடைத்த தீர்வு என்னை எப்போதும் வியக்கவைப்பது. படிகத்தைச் சரிசெய்ய முடியவில்லை, ஆகவே மின்முனையின் வடிவத்தை மாற்றினார்கள். பிக்சலில் தோன்றும் துடிப்பு மின்னூட்டம் வந்து சேர்வதால் மட்டும் வருவதில்லை, அது நகர்கிறபோதே தூண்டப்படுகிறது. பிக்சல் பெரியதாக இருந்தால் எலக்ட்ரான், துளை இரண்டின் நகர்வும் கணக்கில் வரும். படிகத்தின் கனத்தோடு ஒப்பிடும்போது பிக்சல் சிறியதாக இருந்தால், எலக்ட்ரான்கள் பிக்சலை நெருங்கும் கடைசிக் கட்டத்தில்தான் துடிப்பு ஏறக்குறைய முழுவதும் பிறக்கும். தூரத்தில் திணறுகிற துளைகளை அந்தப் பிக்சல் பார்ப்பதே இல்லை. 1990களின் நடுவில் இந்த யோசனையும், பின்னிய மின்முனைகளை வைக்கும் இன்னொரு யோசனையும் வந்த பிறகுதான் சிஇசட்டி நம்பிக்கையான பொருளாக மாறியது.

படிகம் வளர்ப்பது தனிப் பாடு. காட்மியம் டெலுரைடு உருக 1,090 டிகிரிக்கு மேல் வேண்டும், அந்தச் சூட்டில் காட்மியம் ஆவியாகி ஓடப் பார்க்கும். ஒரு முறையில் நாளுக்குச் சில மில்லிமீட்டர்தான் வளரும். அப்படி வளர்ந்ததிலும் டெலூரியம் திட்டுத்திட்டாக உள்ளே மாட்டிக்கொள்ளும். பெரிய, பழுதில்லாத ஒற்றைத் துண்டு கிடைப்பது அபூர்வம். அதனால்தான் இன்டெக்ரலின் மற்றொரு கருவியில் 16,384 காட்மியம் டெலுரைடுத் துண்டுகளும், 2004இல் போன ஸ்விஃப்ட் விண்கலத்தில் 32,768 சிஇசட்டித் துண்டுகளும் அடுக்கினார்கள். ஒவ்வொன்றும் 4 மில்லிமீட்டர் சதுரம், 2 மில்லிமீட்டர் கனம். கிடைக்கும் கல்லின் அளவுதான் தொலைநோக்கியின் வடிவத்தைத் தீர்மானித்தது.

தொலைநோக்கி என்றேன், ஆனால் ஸ்விஃப்டின் அந்தக் கருவியிலும் ஆஸ்ட்ரோசாட்டின் இந்தக் கருவியிலும் கண்ணாடியே கிடையாது. வன் எக்ஸ் கதிர் கண்ணாடியில் பட்டுத் திரும்பாது, துளைத்துக்கொண்டு போகும். ஆகவே ஆஸ்ட்ரோசாட்டில் டிடெக்டருக்குச் சுமார் அரை மீட்டர் மேலே, சதுரத் துளைகள் வெட்டிய அரை மில்லிமீட்டர் டாண்டலம் தகடு ஒன்றை வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு திசையிலிருந்தும் அதன் நிழல் ஒவ்வொரு விதமாக விழும். விழுந்த நிழலைப் பார்த்துக் கணக்குப் போட்டு மூலம் எங்கே என்று கண்டுபிடிக்கலாம். எளிமையான வழி, ஆனால் மங்கலான மூலங்களுக்கு உதவாது. நாசாவின் நுஸ்டார் விண்கலம் 2012 ஜூனில் அந்தக் கட்டத்தைத் தாண்டியது. மிக மெல்லிய சாய்வில் பட்டால் வன் எக்ஸ் கதிரும் திரும்பும் என்பதால், பல அடுக்குப் பூச்சுள்ள 133 ஓடுகளை ஒன்றுக்குள் ஒன்றாக வைத்து, 10 மீட்டர் நீளக் கம்பத்தை விண்வெளியில் விரித்து, அதன் மறுமுனையில் சிஇசட்டியை வைத்தார்கள். கதிரெல்லாம் சின்ன இடத்தில் குவிவதால் டிடெக்டரும் சின்னதாக இருந்தால் போதும்: 2 சென்டிமீட்டர் சதுரத் துண்டுகள் நாலு நாலு, பிக்சல் 0.6 மில்லிமீட்டர். அதற்கு முந்தைய கருவிகளைவிட 100 மடங்கு நுட்பம். 79 கேஇவியோடு அது நின்றுவிடுவதற்குக் காரணம் பூச்சில் இருக்கும் பிளாட்டினம்: அதற்குமேல் பிளாட்டினமே கதிரை விழுங்கிவிடும்.

அந்தக் கருவி 2014இல் கொடுத்த ஒரு படம் இருக்கிறது. சுமார் 350 ஆண்டுகளுக்கு முன் வெடித்த நட்சத்திரத்தின் மிச்சமான காசியோப்பியா ஏ-வில், டைட்டானியம்-44 எங்கெங்கே இருக்கிறது என்ற வரைபடம். டைட்டானியம்-44இன் அரை ஆயுள் 60 ஆண்டு, அழியும்போது 68, 78 கேஇவி என்று இரண்டு கோடுகள் தரும். அந்த இரண்டு கோட்டைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்த டிடெக்டர் இருந்தால்தான் இந்த வேலை நடக்கும். பார்த்தால், டைட்டானியம் வட்டமாகப் பரவியிருக்கவில்லை, கட்டிகட்டியாக ஒரு பக்கம் ஒதுங்கிக் கிடந்தது. நட்சத்திரம் வெடிக்கும்போது உட்கரு கொதித்துக் குலுங்கித்தான் வெடிக்கிறது என்பதற்கு அது நேரடிச் சாட்சி. இதில் நமக்கும் ஒரு தொடர்பு உண்டு. டைட்டானியம்-44 கடைசியில் கால்சியம்-44 ஆகிறது. தாழையூத்துச் சுண்ணாம்புக்கல்லில் இருக்கிற கால்சியத்தில் நூற்றுக்கு 2 பங்கு இந்த வகை. அதில் பெரும்பகுதி எங்கோ ஒரு நட்சத்திரம் வெடித்தபோது டைட்டானியமாகப் பிறந்ததுதான்.

நல்ல படிகம் இருந்தால் மட்டும் போதாது, பின்னணி இரைச்சலோடும் சண்டை போட வேண்டும். விண்வெளியில் புரோட்டான்கள் மழையாகக் கொட்டுகின்றன. அவை டிடெக்டரில் நேராகப் பட்டு எண்ணிக்கையைக் கெடுக்கும், அதைவிட மோசம், விண்கலத்தின் உலோகத்தையும் படிகத்தையுமே கதிரியக்கமுள்ளதாக மாற்றிவிடும். பூமியின் காந்தப்புலம்தான் இதற்குக் குடை, அந்தக் குடை மிகக் கெட்டியாக இருப்பது காந்த நடுக்கோட்டை ஒட்டி. நம் நெல்லை அந்தக் கோட்டுக்கு மிக அருகில் இருக்கிறது. காந்த ஊசியைத் தடையில்லாமல் தொங்கவிட்டால் இங்கே கிட்டத்தட்டப் படுக்கையாகவே நிற்கும். கிருஷ்ணாபுரத்தில் இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனம் ஆய்வகம் வைத்திருப்பது இந்தக் காரணத்துக்காகத்தான். உலகத்திலேயே விண்கதிர்ப் புரோட்டான் நுழைவதற்கு மிகக் கடினமான பகுதிகளில் ஒன்று தென்னிந்தியாவின் வானம் என்று தைரியமாகச் சொல்லலாம். ஆஸ்ட்ரோசாட்டை 650 கிலோமீட்டர் உயரத்தில், நிலநடுக்கோட்டுக்கு வெறும் 6 டிகிரி சாய்வில் சுற்றவிட்டதும் அதே கணக்கு. ஒவ்வொரு சுற்றிலும் நம் ஊருக்குத் தென்பக்கமாக அது கடந்து போகிறது. பிரேசில் பக்கம் தென் அட்லாண்டிக்கில் காந்தக் குடை ஓட்டையாக இருக்கும் இடம் ஒன்றுண்டு, அங்கே மட்டும் உயர் மின்னழுத்தத்தை அணைத்துவிட்டுக் கடந்த பிறகு போடுகிறார்கள்.

ஆஸ்ட்ரோசாட்டின் சிஇசட்டி கருவியின் பெரிய சாதனை, அதை முதன்மையாக எதற்காகக் கட்டினார்களோ அந்த ஆற்றல் எல்லைக்கு வெளியே வந்தது. 100 கேஇவிக்கு மேல் போனால் ஃபோட்டான் ஒரு பிக்சலில் மோதி, கொஞ்சம் ஆற்றலை அங்கே விட்டுவிட்டு, பக்கத்துப் பிக்சலில் போய் அடங்கும். எந்தப் பக்கம் திரும்பியது என்பது கதிரின் முனைவாக்கத்தை, அதாவது அதன் மின்புலம் எந்தத் திசையில் அதிர்கிறது என்பதை, பொறுத்தது. பல லட்சம் விநாடி நண்டு நெபுலாவைப் பார்த்து, இந்த இரட்டைப் பதிவுகளை மட்டும் பிரித்தெடுத்து, அதன் நடுவிலுள்ள துடிப்பு நட்சத்திரத்தின், அதாவது சுழலும் நியூட்ரான் நட்சத்திரத்தின், ஒவ்வொரு சுழற்சியிலும் முனைவாக்கம் எப்படி மாறுகிறது என்று நம் விஞ்ஞானிகள் 2017இல் வெளியிட்டார்கள். துடிப்பு அடங்கியிருக்கும் இடைவேளையில்தான் முனைவாக்கம் அதிகமாகவும் வேகமாக மாறுவதாகவும் இருந்தது. அதை அன்றைக்கு யாரும் எதிர்பார்க்கவில்லை.

ஒரு விஷயம் எனக்கு உறுத்துகிறது, சொல்லிவிடுகிறேன். ஆஸ்ட்ரோசாட்டில் போன படிகங்கள் இஸ்ரேல் நிறுவனம் ஒன்றிலிருந்து வாங்கியவை. அந்த நிறுவனம் அவற்றைச் செய்தது வானியலுக்காக இல்லை, ஆஸ்பத்திரிகளின் காமா கேமராவுக்காக. இதயத்துக்கு ரத்தம் சரியாகப் போகிறதா என்று பார்க்க டெக்னீசியம் ஊசி போட்டு எடுக்கும் ஸ்கேனில் வருவது 140 கேஇவி, நண்டு நெபுலாவைப் பார்க்கும் அதே கல் அதையும் பார்க்கும். இப்போது ஃபோட்டானை எண்ணுகிற புது வகை சி.டி. ஸ்கேன் வந்திருக்கிறது, அதற்குள்ளும் காட்மியம் டெலுரைடுதான். அப்படியென்றால் இந்தப் படிகத்துக்கு விண்வெளிச் சந்தை மட்டும் என்று சொல்ல முடியாது, ஊருக்கு ஊர் சந்தை இருக்கிறது. படிக வளர்ச்சி ஆராய்ச்சியில் தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களுக்கு நல்ல பழக்கம் உண்டு, எத்தனையோ பேர் அதில் முனைவர் பட்டம் வாங்கியிருக்கிறார்கள். ராக்கெட் என்ஜினை எரித்துப் பார்க்கும் மாவட்டம், அதன் தலையில் போகும் கல்லையும் வளர்க்கலாம் என்று நான் உறுதியாக நம்புகிறேன். பத்து இருபது ஆண்டு பொறுமையாகச் செலவு செய்யத் தயாராக யாராவது வேண்டும், அவ்வளவுதான்.

தேவை குறையப் போவதில்லை. ஆதித்யா எல்-1இன் ஹீலியாஸ் கருவியில் கீழ்ப்பக்க ஆற்றலுக்குக் காட்மியம் டெலுரைடு, மேல்பக்கத்துக்கு சிஇசட்டி என்று இரண்டும் சேர்ந்து 8 முதல் 150 கேஇவி வரை சூரியனைக் கவனிக்கின்றன. 2023 அக்டோபர் 29 அன்று ஒரு சூரியச் சுடரின் தொடக்கத்தை அது பிடித்தது. தக்ஷா என்ற பெயரில் வானம் முழுவதையும் கவனிக்க இரண்டு செயற்கைக்கோள்கள் என்ற திட்டம் முன்மொழியப்பட்டிருக்கிறது, அதற்கும் சிஇசட்டி நூற்றுக்கணக்கில் வேண்டும். ஆஸ்ட்ரோசாட் கருவி இதுவரை 500க்கும் மேற்பட்ட காமா கதிர் வெடிப்புகளைப் பதிவு செய்திருக்கிறது.

பாளையங்கோட்டைக் கல்லூரிகளில் இயற்பியல் படிக்கிறவர்களுக்கு ஒன்று. ஆஸ்ட்ரோசாட்டின் தரவு பொதுவில் கிடைக்கிறது, அதைப் பிரிக்கும் மென்பொருளும் இலவசம். காசு செலவில்லை, சாதாரண லேப்டாப் போதும், லினக்ஸ் கொஞ்சம் பழகியிருக்க வேண்டும். முதலில் நண்டு நெபுலாவை எடுங்கள். அதன் துடிப்பு நட்சத்திரம் 33 மில்லிவிநாடிக்கு ஒருமுறை சுழல்கிறது. ஃபோட்டான்கள் வந்த நேரங்களை, பூமியும் விண்கலமும் நகர்வதற்கான திருத்தத்தைச் செய்துவிட்டு, அந்தக் கால அளவில் மடித்து அடுக்கினால் இரண்டு சிகரங்கள் எழுந்து நிற்கும். சிகரம் வரவில்லை என்றால் பெரும்பாலும் நேரத் திருத்தத்தில்தான் தப்பு இருக்கும், சுழற்சிக் காலம் நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாக நீள்வதால் அந்தத் தேதிக்குரிய மதிப்பையே எடுத்துக்கொள்ளுங்கள்.